டேபிள் வியூவுக்குள் பல கலெக்‌ஷன் வியூ: பக்கவாட்டில் நகரும் வரிசைகளைக் கட்டுவதற்கு முழுமையான வழிகாட்டி

ஐபோனில் புத்தகம், பாட்டு, மளிகை என்று எந்த ஆப்பைத் திறந்தாலும் முகப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. மேலிருந்து கீழாக நகரும் ஒரு பட்டியல், அதில் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாக இடமும் வலமும் நகரும். 'புதிதாக வந்தவை' வரிசையை விரலால் தள்ளினால் அது மட்டும் ஓடும். கீழே இருக்கும் 'சிறுகதைகள்' அசையாது.

இதை முதல் தடவை நான் எழுதியபோது அரை நாளில் திரையில் வந்துவிட்டது. அட்டைகள் அழகாக நின்றன, எல்லாம் நகர்ந்தது. அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் வரிசையை ஏழாவது நூல் வரை தள்ளிவிட்டுக் கீழே போனால், நான் தொடவே தொடாத ஆறாவது வரிசையும் ஏழாவது நூலிலிருந்து தொடங்கியது. மேலே திரும்பி வந்தால் முதல் வரிசை ஆரம்பத்துக்கே போயிருந்தது. அந்தப் பிழையைத் துரத்திக்கொண்டு போனதில்தான் இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதே எனக்குப் புரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியிலும் அதற்குத்தான் அதிக இடம்.

இதில் வருவது ஸ்விஃப்ட் மொழியும், ஐபோன் திரைகளைக் கட்ட ஆப்பிள் தரும் யுஐகிட்டும். உதாரணத்துக்கு ஒரு தமிழ் மின்னூல் ஆப்பின் முகப்பை எடுத்துக்கொள்வோம். இருபது வரிசைகள், ஒவ்வொன்றிலும் முப்பது நூல்கள்.

தொடங்கும் முன் ஒரு முடிவு

மேலிருந்து கீழாக வரிசைகளை அடுக்கிக் காட்டும் டேபிள் வியூ 2008 முதல் இருக்கிறது. கலெக்‌ஷன் வியூ 2012இல் ஐஓஎஸ் 6 உடன் வந்தது, அது பொருள்களைக் கட்டமாகவோ பக்கவாட்டு வரிசையாகவோ அடுக்கிக் காட்டும். ஒன்றுக்குள் ஒன்றை வைக்கும் இந்த வழி அன்றிலிருந்து புழக்கத்தில் உள்ளது. 2019இல் ஐஓஎஸ் 13 வந்தபோது காம்போசிஷனல் லேஅவுட் என்று ஒன்று சேர்ந்தது. அதில் ஒரே கலெக்‌ஷன் வியூவை வைத்தே இந்த முகப்பு முழுவதையும் கட்டிவிடலாம்.

புதிதாக ஒரு திரையை வெறும் பலகையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்றால் அந்த வழிதான் என் தேர்வு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஏற்கெனவே டேபிள் வியூவில் ஓடிக்கொண்டிருக்கும் திரையில், மற்ற வரிசைகளுக்கு நடுவே நகரும் வரிசைகள் சிலவற்றைச் சேர்க்க வேண்டும் என்றால், அதற்காக முழுத் திரையையும் பிரித்து எழுதத் தேவையில்லை. உள்ளே வைக்கும் வழி இன்றும் நன்றாக ஓடும், அதை ஒழுங்காகச் செய்தால்.

முதலில் தரவு

திரையைத் தொடுவதற்கு முன் இரண்டு ஸ்ட்ரக்ட் (தரவின் வடிவம்) எழுதுங்கள். ஒன்று நூல்: அடையாள எண், தலைப்பு, அட்டைப் படத்தின் முகவரி. இன்னொன்று வரிசை: அடையாள எண், வரிசைத் தலைப்பு, நூல்களின் அரே (பட்டியல்).

வரிசைக்குத் தனி அடையாள எண் எதற்கு, எத்தனையாவது இடம் என்று சொல்லும் இன்டெக்ஸ் பாத் இருக்கிறதே என்று தோன்றும். நாளைக்குச் சர்வரிலிருந்து 'தொடர்ந்து படிக்க' என்ற புது வரிசை மேலே வந்து நுழைந்தால், நேற்று 0 ஆக இருந்தது இன்று 1 ஆகிவிடும். இடம் மாறும், அடையாளம் மாறாது. இந்த எண் கையில் இல்லாமல் பின்னால் வரும் எதையும் சரியாகச் செய்ய முடியாது.

வரிசையைக் கட்டுதல்

டேபிள் வியூ செல்லை, அதாவது ஒரு வரிசையைக் காட்டும் வியூவை, சப்கிளாஸ் செய்து, அதற்குள் ஒரு தலைப்பு லேபிளும் ஒரு கலெக்‌ஷன் வியூவும் வையுங்கள். இரண்டையும் செல்லில் நேரடியாகச் சேர்க்காமல் அதன் கன்டென்ட் வியூவில் சேர்க்க வேண்டும். நேரடியாகச் சேர்த்தால் கன்டென்ட் வியூ மேலே வந்து மூடிக்கொண்டு, அட்டைகள் தெரியும், ஆனால் தொட்டால் எதுவும் நடக்காது என்ற நிலை வரும். காரணம் தெரியாமல் வெகு நேரம் தேட வைக்கும் பிழை இது.

அடுத்து உயரம். கலெக்‌ஷன் வியூ தன் உயரத்தைத் தானே சொல்லாது. அது நகரும் வியூ, எவ்வளவு இடம் கொடுத்தாலும் அதற்குள் நகர்ந்துகொள்ளும். ஆகவே டேபிள் வியூவின் வரிசை உயரத்தை ஆட்டோமேட்டிக் டைமென்ஷன் என்று விட்டுவிட்டு, உள்ளே எதற்கும் உயரம் கொடுக்காமல் இருந்தால் வரிசை சுருங்கிப்போய் நூல்களே தெரியாது. கலெக்‌ஷன் வியூவுக்கு ஓர் உயரக் கன்ஸ்ட்ரெயின்ட் (உயரம் இவ்வளவு என்ற விதி) கட்டாயம் வேண்டும்.

நம் கணக்கைப் போடுவோம். அட்டை 110 பாயின்ட் (ஐஓஎஸ் திரையின் நீள அலகு) அகலம், 165 உயரம். அதற்குக் கீழே 8 இடைவெளி, இரண்டு வரித் தலைப்புக்கு 48. ஆக ஒரு நூலின் உயரம் 221. கலெக்‌ஷன் வியூவுக்கும் அதே 221. மேலே 12, வரிசைத் தலைப்புக்கு 24, நடுவில் 8, கீழே 12 சேர்த்தால் வரிசை 277 பாயின்ட்.

அந்த உயரக் கன்ஸ்ட்ரெயின்ட்டின் பிரையாரிட்டியை 1000இல் விடாமல் 999 ஆக வையுங்கள். செல்லை அளக்கும்போது டேபிள் வியூ தன் பங்குக்கு ஓர் உயரத்தைச் செல்லின் மேல் போடும். ஒரு நொடி இரண்டும் மோதிக்கொண்டு கன்சோலில் நீண்ட எச்சரிக்கை கொட்டும். 999 என்றால் நம்முடையது அந்த ஒரு நொடி விட்டுக்கொடுத்து, அளவு முடிந்ததும் திரும்ப நிற்கும்.

உள்ளே இருக்கும் லேஅவுட்

பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் ஃப்ளோ லேஅவுட்டே போதும். நகரும் திசையைக் கிடைமட்டம் என்று வையுங்கள். ஐட்டம் சைஸ் 110க்கு 221. நூல்களுக்கு நடுவே 12. இரு ஓரங்களிலும் 16, இதை செக்‌ஷன் இன்செட்டில் கொடுங்கள். கலெக்‌ஷன் வியூவையே 16 தள்ளி வைத்தால், நகரும்போது அட்டைகள் திரையின் விளிம்புக்கு முன்பே வெட்டுப்பட்டு மறையும். பார்க்க நன்றாக இருக்காது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஸ்டோரிபோர்டில் (திரையை வரைந்து அமைக்கும் கோப்பில்) வைத்தால், ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோடு 11இலிருந்து எஸ்டிமேட் சைஸ் தானாகவே ஆட்டோமேட்டிக் என்று வரும். நீங்கள் கொடுத்த 110க்கு 221 காற்றில் போய், ஒவ்வொரு நூலும் ஓர் அளவில் நிற்கும். அதை நன் (None) என்று மாற்றுங்கள்.

அடுத்தது, ஐட்டத்தின் உயரம் கலெக்‌ஷன் வியூவின் உயரத்தை மீறக்கூடாது. மேல், கீழ் இன்செட்டையும் கழித்த பிறகு பார்க்க வேண்டும். ஒரு பாயின்ட் மீறினாலும் லேஅவுட்டின் நடத்தைக்கு உத்தரவாதமில்லை என்று கன்சோல் எச்சரிக்கும், சில நேரம் நூல்களே காணாமல் போகும். மேலே 8, கீழே 8 இன்செட் கொடுத்துவிட்டு ஐட்டத்தின் உயரத்தைக் குறைக்க மறந்தால் சரியாக இதுதான் நடக்கும்.

ஒரு வரிசையில் இரண்டு அடுக்காக நூல்கள் வேண்டுமென்றால் கலெக்‌ஷன் வியூவின் உயரத்தை இரட்டிப்பாக்கி, நடு இடைவெளியையும் சேர்த்தால் போதும், ஃப்ளோ லேஅவுட் தானாக இரண்டடுக்காகப் பிரிக்கும். ஆனால் கிடைமட்டமாக நகரும்போது அது மேலிருந்து கீழாக நிரப்பிவிட்டுத்தான் வலப்பக்கம் போகும். முதல் நூல் மேலே, இரண்டாவது அதற்கு நேர் கீழே, மூன்றாவது அடுத்த நிரலின் மேலே. தரவரிசைப்படி நூல்களைக் காட்டுகிறீர்கள் என்றால் வாசகர் இடமிருந்து வலமாகத்தான் படிப்பார். அந்த இடத்தில் இந்த வரிசைமுறை குழப்பும்.

டேட்டா சோர்ஸ் யாரிடம்?

எத்தனை நூல், எந்த இடத்தில் எது என்று சொல்வதுதான் டேட்டா சோர்ஸ். அதை வைக்க இரண்டு வழிகள் உண்டு. திரையை நிர்வகிக்கும் வியூ கன்ட்ரோலரே எல்லா உள் கலெக்‌ஷன் வியூக்களுக்கும் டேட்டா சோர்ஸாக இருந்து, எந்த வரிசை என்பதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொன்றின் டேக்கிலும் வரிசை எண்ணை எழுதி வைப்பது பழைய வழி. ஓடும். ஆனால் நடுவில் ஒரு வரிசையை நீக்கினால், திரையில் நிற்கும் மற்ற செல்களின் டேக் பழைய எண்ணிலேயே இருக்கும். விளைவு: 'கவிதை' வரிசைக்குள் வரலாற்று நூல்கள். கடைசி வரிசையாக இருந்தால் அரேயின் எல்லை தாண்டி ஆப் நின்றேவிடும்.

செல்லே தன் கலெக்‌ஷன் வியூவுக்கு டேட்டா சோர்ஸாகவும் டெலிகேட்டாகவும் (தொடுதல் போன்ற நிகழ்வுகளைக் கேட்பதாகவும்) இருப்பது எனக்குப் பிடித்த வழி. செல்லில் கான்ஃபிகர் என்று ஒரு ஃபங்ஷன் வைத்து, அதற்கு ஒரு வரிசையைக் கொடுங்கள். அது வரிசையின் அடையாள எண்ணையும் நூல்களையும் வைத்துக்கொண்டு, தலைப்பை மாற்றி, கலெக்‌ஷன் வியூவை ரீலோடு செய்யும். எண் எதுவும் நடுவில் அலையாது.

உள்ளே டிஃபபிள் டேட்டா சோர்ஸ் (பழைய, புதிய பட்டியல்களை ஒப்பிட்டு மாற்றத்தை மட்டும் பொருத்துவது) போடுகிறீர்கள் என்றால், செல் கை மாறும்போது மாற்றங்களை அனிமேஷனோடு பொருத்தாதீர்கள். பழைய வரிசையின் நூல்கள் பறந்து போய்ப் புதியவை வந்து உட்காருவது வாசகரின் கண் முன்னால் நடக்கும். ஐஓஎஸ் 15 முதல், ஸ்னாப்ஷாட்டை (புதுப் பட்டியலின் நிலையை) ரீலோடு முறையில் பொருத்துவதற்கென்றே தனி மெத்தட் இருக்கிறது. செல் புது வரிசைக்குப் போகும்போது அதைப் பயன்படுத்துங்கள்.

செல் என்பது வாடகைப் பாத்திரம்

இனி அந்தப் பிழைக்கு வருவோம்.

கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு வீட்டில் ரசம் வைத்தார்கள், இன்று உங்கள் வீட்டில் பாயசம். கடையில் இருப்பது ஆறே ஆறு அண்டாதான், அவைதான் ஊர் முழுக்கச் சுற்றுகின்றன. கழுவாமல் வந்தால் பாயசத்தில் ரசம் மணக்கும். டேபிள் வியூ செல்லும் அப்படித்தான்.

390க்கு 844 பாயின்ட் திரை ஒன்றில், மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் போக ஏறக்குறைய 670 பாயின்ட் மிஞ்சும். வரிசை 277 என்றால் ஒரே நேரத்தில் கண்ணில் படுவது மூன்று அல்லது நான்கு வரிசைகள். ஆகவே இருபது வரிசைகள் இருந்தாலும் டேபிள் வியூ உருவாக்குவது ஐந்தாறு செல்கள்தான். மேலே ஒன்று மறைந்ததும் அதைக் கழற்றி, கீழே வரும் வரிசைக்குக் கொடுக்கும். உள்ளே இருக்கும் கலெக்‌ஷன் வியூவும் அந்தச் செல்லோடு சேர்ந்தே போகும்.

இப்போது நான் பார்த்ததை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதல் வரிசையை ஏழாவது நூல் வரை தள்ளினேன். ஒரு நூலும் இடைவெளியும் சேர்ந்து 122, ஆறு நூல்கள் தாண்டினால் 732. அந்தக் கலெக்‌ஷன் வியூவின் கன்டென்ட் ஆஃப்செட், அதாவது தள்ளிய தூரம், இப்போது 732. கீழே நகர்கிறேன், முதல் வரிசை மறைகிறது, அதன் செல் கடைக்குத் திரும்புகிறது. ஆறாவது வரிசை அதே செல்லைக் கேட்டு வாங்குகிறது. நான் தலைப்பை மாற்றினேன், நூல்களை மாற்றினேன், ரீலோடும் செய்தேன். ஆஃப்செட்டை மட்டும் தொடவில்லை. ரீலோடு செய்வது ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்காது. 732 அப்படியே ஆறாவது வரிசைக்கு வந்து சேர்ந்தது.

ஆக வரிசைக்குச் சொந்தமான எதுவும் செல்லிடம் தங்கக்கூடாது. நூல்கள் தங்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாசகர் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறார் என்பதும் வரிசைக்குச் சொந்தமான தகவல்தான் என்பது லேசில் தோன்றாது.

இதற்கு ஒரு தவறான மருந்து அடிக்கடி கண்ணில் படுகிறது: ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரீயூஸ் ஐடென்டிஃபையர் (எந்தச் செல்லை மீண்டும் எடுக்கலாம் என்று சொல்லும் பெயர்) கொடுப்பது. பிழை மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் இருபது வரிசைக்கும் இருபது கலெக்‌ஷன் வியூ உருவாகி நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். இருபது வீட்டுக்கும் இருபது அண்டா வாங்கி வைப்பதுபோல. வரிசைகளின் வடிவம் ஒன்றாக இருக்கும்வரை ஐடென்டிஃபையரும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இடத்தைக் காத்து வைப்பது

வியூ கன்ட்ரோலரில் ஒரு டிக்‌ஷனரி வையுங்கள். சாவி, வரிசையின் அடையாள எண். மதிப்பு, ஆஃப்செட்டின் எக்ஸ்.

செல் திரையிலிருந்து மறையும்போது டேபிள் வியூவின் டிட் எண்ட் டிஸ்பிளேயிங் கூப்பிடப்படும். அங்கே ஆஃப்செட்டை எடுத்து எழுதுங்கள். எந்தச் சாவியில்? அந்த மெத்தட் தரும் இன்டெக்ஸ் பாத்தைக் கொண்டு வரிசையைத் தேடாதீர்கள். ஒரு வரிசை நீக்கப்பட்டதால் செல் மறைகிறது என்றால், அந்த இன்டெக்ஸில் இப்போது வேறு வரிசை இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. செல்லிடமே கேளுங்கள்: 'உன்னிடம் இருப்பது எந்த வரிசை?' கான்ஃபிகரில் வைத்துக்கொண்ட அடையாள எண் இதற்குத்தான்.

ஸ்க்ரோல் வியூ டிட் ஸ்க்ரோலில் ஒவ்வொரு அசைவுக்கும் எழுதினால் என்ன என்று கேட்கலாம். செல் கை மாறும்போது நீங்கள் ஆஃப்செட்டை மாற்றுவீர்கள் அல்லவா, அந்த மாற்றமும் ஓர் அசைவாக அதே மெத்தட்டுக்கு வரும். அடையாள எண்ணை மாற்றும் முன் அது வந்தால், பழைய வரிசையின் சரியான மதிப்பின் மேல் தவறான மதிப்பு எழுதப்படும். அப்படி ஒரு பிழையைக் கண்டுபிடிக்க நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். மறையும்போது ஒரு தடவை எழுதுங்கள், போதும்.

திரும்பக் கொடுப்பது, செல் திரைக்கு வரும்போது கூப்பிடப்படும் வில் டிஸ்பிளேயில். செல்லைத் தயார் செய்து தரும் செல் ஃபார் ரோ அட் மெத்தட்டில் செய்தால் பாதி நேரம் வேலை செய்யாது, காரணங்கள் இரண்டு. அந்த நேரத்தில் செல்லின் அகலம் இறுதியாகியிருக்காது. உள்ளே லேஅவுட் நடக்காததால் கலெக்‌ஷன் வியூவுக்குத் தன் உள்ளடக்கம் எவ்வளவு நீளம் என்பதும் தெரியாது. இன்னொன்று, ஐஓஎஸ் 15 முதல் டேபிள் வியூ செல்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்கிறது. தயாராக நிற்கும் செல் திரைக்கு வந்து, மறைந்து, செல் ஃபார் ரோ அட் கூப்பிடப்படாமலே மீண்டும் திரைக்கு வரலாம். திரைக்கு வரும் நொடியை உறுதியாகச் சொல்வது வில் டிஸ்பிளே ஒன்றுதான்.

அங்கே செய்ய வேண்டியதை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். செல்லின் லேஅவுட் இஃப் நீடட், அடுத்து உள்ளே இருக்கும் கலெக்‌ஷன் வியூவின் லேஅவுட் இஃப் நீடட், அப்புறம் டிக்‌ஷனரியிலிருந்து மதிப்பை எடுத்து செட் கன்டென்ட் ஆஃப்செட், அனிமேட்டட் ஃபால்ஸ். மதிப்பு இல்லையென்றால் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை எழுத மறந்தால், முதல் தடவை திரைக்கு வரும் வரிசை பழைய 732ஐத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

எடுத்த மதிப்பை அப்படியே கொடுக்காமல் ஒரு வேலி போடுங்கள். வாசகர் 732 வரை தள்ளிய வரிசை, சர்வரிலிருந்து புதுத் தரவு வந்தபோது நான்கு நூல்களாகச் சுருங்கிவிட்டது என்று வையுங்கள். நான்கு நூல்களின் நீளம்: ஓரம் 16, அட்டைகள் 440, இடைவெளிகள் 36, ஓரம் 16, மொத்தம் 508. திரை 390. அதிகபட்சம் நகரக்கூடியது 118. அங்கே 732 கொடுத்தால் கலெக்‌ஷன் வியூ மறுக்காது, கேட்ட இடத்துக்குப் போய் வெறும் வெள்ளையைக் காட்டும். உள்ளடக்க நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்து, இரண்டில் சிறியதைக் கொடுங்கள்.

அனிமேட்டட் ஃபால்ஸ் என்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. வாசகர் ஒரு வரிசையை வேகமாகச் சுண்டிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே நகர்ந்தால், அந்த ஓட்டத்தோடேயே செல் அடுத்த வரிசைக்குக் கை மாறும். யாரும் தொடாத வரிசை தானாக ஓடும். அனிமேஷன் இல்லாமல் ஆஃப்செட் கொடுத்தால் அந்த ஓட்டம் அங்கேயே நிற்கும்.

அட்டைப் படங்கள்

உள்ளே இருக்கும் நூல் செல்லும் வாடகைப் பாத்திரம்தான். செல் மறுபடி பயன்படும் முன் கூப்பிடப்படும் பிரிப்பேர் ஃபார் ரீயூஸில் பழைய படத்தை எடுத்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் பதிவிறக்கத்தை ரத்து செய்யுங்கள். படம் வந்து சேரும்போது, செல்லில் இருப்பது இன்னும் அதே நூல்தானா என்று அடையாள எண்ணை ஒப்பிட்டுவிட்டே பொருத்துங்கள். ரத்து செய்துவிட்டோமே என்று இந்தச் சோதனையை விடக்கூடாது. ரத்து போய்ச் சேரும் முன்பே படம் வந்துவிட வாய்ப்புண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் அளவு. பதிப்பகங்கள் தரும் அட்டை 2000க்கு 3000 பிக்சல் இருந்தால், திரையில் காட்ட விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 24 மெகாபைட் ஆகும். கோப்பு 400 கிலோபைட்தானே என்று நினைக்கக்கூடாது, அது சுருக்கி வைத்த அளவு. ஒரு வரிசையில் நான்கைந்து அட்டை, நான்கு வரிசை என்றால் திரையில் இருபது அட்டைகள், 480 மெகாபைட். பழைய போன் அந்த இடத்திலேயே ஆப்பை மூடிவிடும். நமக்குத் தேவை 110க்கு 165 பாயின்ட். மூன்று மடங்கு திரையில் 330க்கு 495 பிக்சல், அதாவது ஏறக்குறைய 0.65 மெகாபைட். இருபதுக்கும் சேர்த்து 13. இமேஜ் ஐஓ ஃப்ரேம்வொர்க்கில் தம்ப்நெயில் எடுக்கும் வசதியைப் பின்னணித் த்ரெட்டில் வைத்து, படத்தை விரிக்கும் முன்பே சிறிதாக்குங்கள். முழுப் படத்தையும் விரித்துவிட்டு அப்புறம் சிறிதாக்கினால் அந்த 24 மெகாபைட் ஒரு தடவை செலவாகித்தான் தீரும்.

தொடுதல்

கிடைமட்டமும் செங்குத்தும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதை யுஐகிட்டே பார்த்துக்கொள்கிறது. நீங்களாக ஜெஸ்ச்சர் எதையும் எழுத வேண்டாம்.

ஒரு நூலைத் தொட்டால் வியூ கன்ட்ரோலருக்குச் சொல்ல, செல்லில் ஒரு க்ளோஷர் (பின்னால் கூப்பிட வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்) வையுங்கள், அது நூலையே கொடுக்கட்டும். க்ளோஷருக்குள் வியூ கன்ட்ரோலரை வீக்காக, அதாவது நினைவகத்தில் கட்டிப்போடாமல், பிடியுங்கள். வியூ கன்ட்ரோலர் டேபிள் வியூவையும், அது செல்லையும், செல் க்ளோஷரையும், க்ளோஷர் வியூ கன்ட்ரோலரையும் பிடித்துக்கொண்டால் அந்தத் திரை மூடிய பிறகும் நினைவகத்தை விட்டுப் போகாது.

டேபிள் வியூவின் டிட் செலக்ட் ரோ இந்த வரிசைகளில் நம்பத்தகுந்ததில்லை, தொடுதலைக் கலெக்‌ஷன் வியூ வாங்கிக்கொள்ளும். செலக்‌ஷன் ஸ்டைலை நன் ஆக்கிவிட்டு, 'அனைத்தும்' என்று தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் வையுங்கள். இதே வரிசையில் இடப்பக்கம் தள்ளினால் நீக்கும் வசதியையும் வைக்க வேண்டாம். ஒரே அசைவுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் வாசகர் தடுமாறுவார்.

இன்னொரு சின்ன வேலை, பலரும் விட்டுவிடுவது. ஐபோனில் மேல் விளிம்பைத் தொட்டால் பட்டியல் உச்சிக்குப் போகும். திரையில் ஸ்க்ரோல்ஸ் டு டாப் ட்ரூ என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரோல் வியூக்கள் இருந்தால் இது வேலை செய்யாது, அதன் இயல்பு மதிப்போ ட்ரூ. எல்லா உள் கலெக்‌ஷன் வியூக்களிலும் ஃபால்ஸ் ஆக்குங்கள். ஒரே வரிதான்.

செங்குத்துக் கட்டம் உள்ளே வேண்டுமென்றால்

சில வரிசைகள் நகராமல், நூல்களை மூன்று மூன்றாகக் கீழே கீழே அடுக்கிக் காட்ட வேண்டியிருக்கும். அங்கே கலெக்‌ஷன் வியூவின் நகர்வை நிறுத்திவிட்டு, அதன் முழு உள்ளடக்க உயரத்தையும் வரிசையின் உயரமாகக் கொடுப்பார்கள். ஆறு நூல், ஒன்பது நூல் என்றால் பரவாயில்லை. முந்நூறு நூல் என்றால் வேண்டவே வேண்டாம். கலெக்‌ஷன் வியூ தன் எல்லைக்குள் தெரிவதை எல்லாம் உருவாக்கும். எல்லையே முழு நீளம் என்றால் முந்நூறு செல்லும் ஒரே நேரத்தில் உருவாகும். நீளமான கட்டத்துக்கு, மூன்று நூல்களை ஒரு டேபிள் வரிசையாக வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ்த் தலைப்புகளும் எழுத்தளவும்

இரண்டு வரிக்கு 48 என்று மேலே போட்டேன். அதை ஆங்கிலத் தலைப்பு வைத்துச் சோதித்து முடிவு செய்துவிடாதீர்கள். தமிழில் 'கீ', 'றீ' போன்றவற்றின் ஈகாரச் சுழி மேலே ஏறும், 'மூ', 'ழு' போன்றவை கீழே இறங்கும். இறுக்கமாக உயரம் கொடுத்தால் அவைதான் முதலில் வெட்டுப்படும். சொற்களும் நீளம். 110 பாயின்ட் அகலத்தில் 'வாழ்க்கைவரலாறுகள்' என்ற ஒரே சொல் ஒரு வரியை நிரப்பி வழியும். உங்கள் பட்டியலிலேயே நீளமான பத்துத் தலைப்புகளை எடுத்து வைத்துப் பாருங்கள்.

போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களும் வாசகர்கள்தான், மின்னூல் ஆப்பில் அவர்களை மறக்கவே கூடாது. 48ஐ நிலையான எண்ணாக வைக்காமல் யுஐ ஃபான்ட் மெட்ரிக்ஸ் கொண்டு பெருக்கி, அதிலிருந்து ஐட்டம் சைஸையும் உயரக் கன்ஸ்ட்ரெயின்ட்டையும் கணக்கிடுங்கள். எழுத்தளவு மாறும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வரிசைத் தலைப்புக்கு அக்சசிபிலிட்டியில் ஹெடர் ட்ரெய்ட் கொடுத்தால், வாய்ஸ் ஓவர் பயன்படுத்துபவர் முப்பது நூலையும் ஒவ்வொன்றாகக் கேட்காமல் வரிசை வரிசையாகத் தாவிப் போகலாம்.

புதுத் தரவு வரும்போது

ஒரு வரிசையின் நூல்கள் மாறினால் டேபிள் முழுவதையும் ரீலோடு செய்யாதீர்கள். அந்தச் செல் திரையில் இருந்தால் அதைக் கையில் எடுத்து மீண்டும் கான்ஃபிகர் செய்யுங்கள். ஐஓஎஸ் 15 முதல் ரீகான்ஃபிகர் ரோஸ் இதைத்தான் செய்கிறது, செல்லை மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் புதுப்பிக்கும். வாசகர் அந்த வரிசையை நகர்த்திக்கொண்டிருக்கும் நொடியில் காலடியில் தரை மாறாது.

காம்போசிஷனல் லேஅவுட்டில் இதே முகப்பு

ஒரே கலெக்‌ஷன் வியூ, ஒவ்வொரு வரிசையும் ஒரு செக்‌ஷன், அந்த செக்‌ஷனின் ஆர்த்தகனல் ஸ்க்ரோலிங் பிஹேவியரைக் கன்டினியுவஸ் என்று வைத்தால் அது பக்கவாட்டில் நகரும். நூல் நூலாக நின்று நகர வேண்டுமென்றால் குரூப் பேஜிங். வரிசைத் தலைப்பு செக்‌ஷன் ஹெடராகிவிடும்.

பெரிய லாபம் செல் கிடங்கில் இருக்கிறது. டேபிளுக்குள் வைக்கும் வழியில் ஒவ்வொரு கலெக்‌ஷன் வியூவுக்கும் தனிக் கிடங்கு, ஒன்றில் சும்மா கிடக்கும் நூல் செல்லை இன்னொன்று எடுக்க முடியாது. முதல் தடவை கீழே நகரும்போது ஒவ்வொரு புது வரிசையும் தன் நான்கைந்து நூல் செல்களைப் புதிதாக உருவாக்குவதால்தான் அங்கே மட்டும் ஒரு சின்னத் திக்கல் தெரியும். காம்போசிஷனலில் எல்லா வரிசைக்கும் ஒரே கிடங்கு. உயரக் கணக்கும் லேஅவுட்டின் பொறுப்பாகிறது.

ஒரு குறை உண்டு. பக்கவாட்டு நகர்வு உங்கள் ஸ்க்ரோல் வியூ டிட் ஸ்க்ரோலுக்கு வராது. எவ்வளவு தள்ளியிருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், செக்‌ஷனின் விசிபிள் ஐட்டம்ஸ் இன்வேலிடேஷன் ஹேண்ட்லர் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது

சிமுலேட்டரை நம்பாதீர்கள், அது உங்கள் மேக்கின் வேகத்தில் ஓடுகிறது. கையில் இருப்பதிலேயே பழைய போனை எடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3. திக்கல் தெரிந்தால் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் டைம் ப்ரொஃபைலரை ஓட்டி, மெயின் த்ரெட்டில் எது நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். முதலில் படத்தை விரிக்கும் வேலையைத்தான் நான் தேடுவேன்.

அப்புறம் கையால் இவற்றைச் செய்யுங்கள். முதல் வரிசையை ஏழாவது நூல் வரை தள்ளி, கடைசி வரிசை வரை போய்த் திரும்புங்கள். முதல் வரிசை ஏழில் நிற்க வேண்டும், தொடாதவை எல்லாம் ஒன்றில். அடுத்து, ஒரு வரிசையை வேகமாகச் சுண்டிவிட்டு உடனே கீழே இழுங்கள். யாரும் தொடாத வரிசை ஓடக்கூடாது. தள்ளி வைத்த வரிசைக்கு மேலே ஒரு புது வரிசையைச் சேர்த்துப் பாருங்கள், இடம் மாறாமல் இருக்க வேண்டும். நூல்களை நான்காகக் குறைத்துப் பாருங்கள், வெள்ளை தெரியக்கூடாது. எழுத்தை உச்ச அளவுக்கு ஏற்றி, நீளமான தலைப்புள்ள வரிசைக்குப் போங்கள். கடைசியாகப் பட்டியலின் அடிக்குப் போய்த் திரையின் மேல் விளிம்பை ஒரு தட்டுத் தட்டுங்கள். பட்டியல் உச்சிக்குப் போகவில்லையென்றால் ஏதோ ஓர் உள் கலெக்‌ஷன் வியூவில் ஸ்க்ரோல்ஸ் டு டாப் இன்னும் ட்ரூவாக இருக்கிறது.